விடியப் போய் வெயிலுக்கு முன் திரும்புங்கோ

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹையேஸ் வான் வாசலில் நிற்கும். அம்மம்மாவை ஏற்றி, மறந்துபோன பாயை ஓடிப்போய் எடுத்து, வெளிக்கிட எட்டரை ஆகிவிடும். கீரிமலை, நிலாவரை, வல்லிபுரக் கோவில், மணற்காடு, கடைசியில் கசூரினா என்று ஒரு நாளுக்குள் ஐந்து இடம். மணற்காட்டில் இறங்கும்போது பதினொன்றரை வெயில். மணலில் கால் வைக்க முடியாது. சின்னப் பிள்ளை அழும், பெரிய பிள்ளை வானை விட்டு இறங்காது, சோற்றுப் பொதியை வானுக்குள்ளேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளோடு போக இடமில்லை என்ற கதை இப்படியான நாள்களில்தான் பிறக்கிறது. இடம் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்து, காலை ஆறு மணிக்கு அந்த இடத்தில் நின்றால் போதும். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற விபரமெல்லாம் இந்த ஒரு முடிவுக்குப் பிறகுதான் உதவும்.

முதலில் எங்கள் நிலம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே கிடக்கும் உப்பு நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதற்கு இதுவே காரணம். அதனால்தான் இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று உண்டு. பெரிய நன்னீர் ஏரியும் இல்லை. எங்களிடம் உள்ளவை நீரேரிகள், மாடு மேயும் திறந்த புல்வெளிகளான தரவைகள், கண்டல் கரைகள், மணல் மேடுகள், ஊர்க் குளங்கள். காட்டோடு சேர்ந்த பெரிய குளம் பார்க்க வேண்டுமென்றால் ஆனையிறவைத் தாண்ட வேண்டும். நுவரெலியாவையோ கண்டியையோ மனதில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தரவையும் நீரேரியும் வேறு வகை அழகு. அவற்றைப் பார்க்கக் காலமும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

காலத்தைக் காற்றை வைத்துச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எங்கள் மழையில் பெரும்பங்கு கொட்டிவிடும். தைப்பொங்கலுக்குப் பிறகு மழை ஓயும். குளங்கள் நிறைந்திருக்கும், தரவையில் புல் பச்சையாக இருக்கும், வடக்கிலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. தை நடுப்பகுதி முதல் பங்குனி நடுப்பகுதி வரையான இரண்டு மாதங்களே குடும்பத்தோடு வெளியே போக மிக நல்ல காலம். சித்திரையில் வெயில் ஏறிவிடும். வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் வெளிகளில் புழுதியும் மணலும் முகத்தில் அறையும். அந்தக் காலத்தில் திறந்த நீரேரியை விட்டுவிட்டு மர நிழலுள்ள இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாதியில் பல குளங்கள் அடித்தரை தெரியும் அளவுக்கு வற்றிவிடும். பள்ளிக்கூட லீவு ஆகஸ்டில் வருகிறது என்பதற்காக அந்த மாதத்தில் குளம் பார்க்கப் போய், வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர்.

வல்லை வெளியும் பூநாரையும்

தொடங்குவதற்கு ஏற்ற இடம் வல்லை வெளி. பருத்தித்துறை வீதியில் ஆவரங்கால் தாண்டி நெல்லியடிக்கு முன் இருபுறமும் விரியும் வெளி, தொண்டைமானாற்று நீரேரியை ஒட்டியது. பஸ்ஸிலும் போகலாம், இறங்கினால் நடக்க அதிக தூரமில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளையோடு ஒன்றரை மணித்தியாலம் நிற்க இதைவிடச் சுகமான இடம் குடாநாட்டில் குறைவு. காலையில் போனால் வீதிக்கு மேற்குப் பக்கத்தைப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் துலங்கும். கிழக்குப் பக்கம் பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மாலையில் இதற்கு மறுதலை.

வீதியில் வாகனங்கள் மிக வேகமாக ஓடும். வல்லை முனியப்பர் கோவிலடியில் வாகனங்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போவது வழக்கம், அங்கே ஓரமாக நிறுத்த இடம் உண்டு. பாலத்தில் நிறுத்தவே வேண்டாம். பிள்ளையை வீதிப் பக்கமாக விடாமல் வெளிப் பக்கமாக நடத்துங்கள். காற்று பலமான இடம் என்பதால் தொப்பிக்கு நாடா வேண்டும்.

பூநாரையைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ஊரில் பிளமிங்கோ என்றே சொல்கிறோம். எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. தொண்டைமானாறு, மண்டைதீவு, அராலி, சுண்டிக்குளம் என்று நீர்மட்டத்தைப் பார்த்து இடம் மாறும். அதற்கு முழங்கால் அளவு ஆழமும் உப்பும் சேறும் வேண்டும். கண்ணுக்கு அகப்பட்டால் அது சாப்பிடும் விதத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடும். மேலலகு கீழே போய்விடும். தடித்த நாக்கு பிஸ்டன் போல முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் நுண் இறாலையும் பாசியையும் வடித்து வைத்துக்கொள்ளும். அந்த உணவிலுள்ள நிறமிதான் இறகைச் சிவக்க வைக்கிறது. கூட்டத்துக்குள் சாம்பல் நிறமாக நிற்பவை இளசுகள். காலால் சேற்றை மிதித்துக் கிளறியபடி வட்டமாகச் சுற்றுவதையும் பார்க்கலாம். இந்த ஒன்றைப் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்த பிள்ளை அடுத்த முறை தானே கேட்டு வரும்.

கிட்டப் போக ஆசை வரும். நூறு மீற்றருக்குள் போகாதீர்கள். கூட்டத்தில் கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்து நின்றால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். பூநாரை எழும்புவதற்குத் தண்ணீரில் பல அடி தூரம் ஓட வேண்டும். படத்துக்காகக் கல்லெறிந்தோ, ட்ரோன் விட்டோ எழுப்புவது அது காலை முழுவதும் தின்று சேர்த்த பலத்தைப் பறிப்பதுதான். இதைச் செய்கிறவர்களைக் கண்டால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

தொலைநோக்கி வாங்குவதென்றால் 8×32 அல்லது 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் பெரிதாகிவிடும். பிள்ளையால் பறவையை வட்டத்துக்குள் பிடிக்கவே முடியாது. 8×42 அரைக் கிலோவுக்கு மேல் நிறை இருக்கும் என்பதால் சிறுவர்களுக்கு 8×32 நல்லது. முதல் நாள் வீட்டு முற்றத்தில், அசையாத பனை வட்டொன்றைப் பார்த்துப் பழக்குங்கள்: முதலில் வெறுங்கண்ணால் அதைப் பார்த்தபடியே, தலையை அசைக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இது பழகாத பிள்ளை கரையில் நின்று "ஒண்டும் தெரியேல்லை" என்று சொல்லித் திருப்பித் தந்துவிடும்.

பூநாரை இல்லாத நாளிலும் நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, ஊசிவால் வாத்து என்று ஏதாவது இருக்கும். பெயர் தெரியாவிட்டால் குறையில்லை. காலின் நிறம், அலகின் வளைவு, தண்ணீரில் நிற்கிறதா கரையில் நிற்கிறதா என்ற மூன்றையும் பிள்ளை ஒரு கொப்பியில் கீறிக்கொண்டு வந்தால், வீட்டில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

மணற்காடு

இது ஒன்றுதான் மாலை நேரத்துக்கு நான் சொல்லும் இடம். மூன்றரைக்குப் பிறகு போய் இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும். வல்லிபுர ஆழ்வார் கோவில் பக்கமாகப் போய்க் குடத்தனைக்கு முன் கடற்கரைக்குத் திரும்பினால் மணல் மேடுகளும் சவுக்கங்காடும். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் மிச்சமாக நிற்கின்றன. காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்த வேறு பாடம் தேவையில்லை.

மேட்டில் ஏறும்போது காற்று வரும் பக்கம் சாய்வு குறைவாகவும் மணல் இறுகியும் இருக்கும். மற்றப் பக்கம் செங்குத்தாகவும் இளகியும் இருக்கும். ஏறுவது இறுகிய பக்கத்தால், சறுக்குவது மற்றப் பக்கத்தால். மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: ஊதா நிறப் பூப்பூக்கும் அடம்பன், கூரிய முனையுள்ள இராவணன் மீசை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாங்கள் சொல்லும் பழமொழி இந்தக் கரையில் கண்ணால் காணக் கிடைக்கிறது: கொடி படர்ந்த இடத்தில் மேடு நிற்கிறது, கொடியை மிதித்து அழித்த இடத்தில் மணல் ஓடிக் கிடங்காகிறது. அதனால் கொடி இல்லாத நடைபாதையாலேயே ஏறுங்கள். இராவணன் மீசையின் முனை ஊசி போலக் குத்தும். உதிர்ந்த பந்துகள் மணலுக்குள் மறைந்து கிடக்கும். மூடிய சப்பாத்துப் போட்டுப் போங்கள். றப்பர் செருப்பு முதல் ஏற்றத்திலேயே கழன்றுவிடும்.

பிள்ளைகள் மணலில் குழி தோண்டுவார்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள். ஈரம் காய்ந்தவுடன் பக்கச் சுவர் ஒரு நொடியில் சரியும். சரிந்த மணலுக்குள் அகப்பட்ட பிள்ளையை வெறுங்கையால் வெளியே எடுப்பது பெரியவர்களுக்கே கடினம். மணல் அள்ளிய பள்ளங்களின் விளிம்புக்கும் போக வேண்டாம், அந்த விளிம்பு கீழே குடைந்திருக்கும்.

வான் ஓட்டுகிறவருக்கு ஒரு சொல். தார் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். தவறி மணலுக்குள் இறங்கிச் சில்லுப் புதைந்தால், அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அது ஆழமாகப் போகும். எல்லோரையும் இறக்கி, ரயர்க் காற்றை 20 பீ.எஸ்.ஐ அளவுக்குக் குறைத்து, சில்லுக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் விலக்கி, பனைமட்டையோ கால்விரிப்போ போட்டு, முதல் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். வீதிக்கு வந்ததும் குறைந்த வேகத்தில் போய் முதல் காற்றடிக்கும் கடையில் காற்றை நிரப்புங்கள். அந்த நிலையில் வேகமாக ஓடினால் ரயர் சூடாகி வெடிக்கும்.

இந்தக் கரையில் கடலில் குளிக்கப் போகாதீர்கள். வாடைக் காற்றுக் காலத்தில் அலை உயர்ந்து கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஊர்கள் எத்தனை பேரைப் பறிகொடுத்தன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரையில் நினைவிடங்களுக்குப் பக்கத்தில் பாட்டுப் போட்டு ஆடுவது ஊரவரைப் புண்படுத்தும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று இன்னொரு நாள் வைத்துக் காரைநகர்க் கசூரினாவுக்குப் போங்கள். அங்கே கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது.

சவுக்கங்காட்டுக்குள் உதிர்ந்த இலைகள் மெத்தை போலக் கிடக்கும். நடக்கச் சுகம், ஆனால் ஒரு தீக்குச்சி போதும். அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம்.

ஆனையிறவுக்கு அப்பால்

இரணைமடுவுக்குப் போவதென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டும். கிளிநொச்சி தாண்டி ஏ9 இலிருந்து கிழக்கே திரும்பினால் கனகாம்பிகை அம்மன் கோவிலும் குளக்கட்டும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இது, வடக்கின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். கட்டின் மேல் நடந்தால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் வயல்வெளி. நீளமான கட்டு, நிழல் இல்லை. முழுவதையும் நடந்து முடிக்க நினைக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் போய்வர ஒரு கிலோமீற்றர், ஆறு முதல் ஒன்பது வயதுவரை மூன்று கிலோமீற்றர் என்று வையுங்கள். பிள்ளைக்குக் களைப்பு வருவதற்கு முன்பே திரும்ப வேண்டும். களைத்த பிறகு திரும்பினால் மீதித் தூரம் உங்கள் தோளில்தான்.

குளத்தில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதற்கு மூன்று சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: அலைகரை, துருசு, வான். அலைகரை என்பது தண்ணீர் மோதும் கல் அடுக்கிய சரிவு. பாசி பிடித்த கல் வழுக்கும், கீழே உடனே ஆழம். துருசு என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் கதவு. மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், கீழே உறிஞ்சும் விசை ஒரு வளர்ந்த ஆணையே இழுத்துக் கதவோடு ஒட்ட வைத்துவிடும். வான் என்பது மிஞ்சிய நீர் வழியும் இடம். இரணைமடுவின் முழு நீர்மட்டம் 36 அடி. மாரியில் அந்த அளவை நெருங்குகிறது என்று செய்தி வந்தால் வான் கதவு எந்த நேரமும் திறக்கும். அன்று கட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஆற்றோரம் நிற்கவே கூடாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சிப் பக்கம் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வன்னிக் குளங்களில் முதலை உண்டு. காலையில் கரையில் வெயில் காயும், அந்தியில் விளிம்புக்கு வரும். தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிற்பது என்ற ஒரு விதியைப் பிள்ளைகளோடு முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; கை கழுவுவதற்கும் போத்தல் தண்ணீர்தான்.

சுண்டிக்குளம் இன்னும் காட்டுத்தன்மையான இடம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இயக்கச்சியிலிருந்து வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகப் போகலாம். கடை, மலசலகூடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கொடிகாமத்திலோ பளையிலோ எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போங்கள். பெரியவர்கள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தினர் காட்டும் பாதையை விட்டு விலக வேண்டாம்.

பாதையை விட்டு விலக வேண்டாம் என்பதற்கு எங்கள் மண்ணில் இன்னொரு காரணம் உண்டு. முகமாலை, ஆனையிறவு, கிளாலி என்று பழைய காவலரண் கோடுகள் ஓடிய இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது. இலங்கை 2017 இல் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றி முடிக்க விதிக்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன் 1. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையோ சிவப்பு முனைக் குச்சியோ தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் பற்றைக்குள் ஒதுங்குவதுதான் பலர் செய்யும் தவறு. ஆட்கள் நடந்து, மாடு மேய்ந்து தெளிந்த பாதை எதுவோ அதில் மட்டும் நில்லுங்கள். வெள்ளம் வெடிபொருள்களைப் புரட்டிப் புது இடத்துக்குக் கொண்டுவரும் என்பதால் மாரிக்குப் பிறகு இன்னும் கவனம். உள்ளங்கை அளவு வட்டமான பிளாஸ்ரிக் பொருள், துருப்பிடித்த பேணி, வயர்த் துண்டு எதையும் பிள்ளை எடுக்கக் கூடாது, கல்லால் எறியவும் கூடாது. கண்டால் அப்படியே நின்று, வந்த காலடித் தடத்தாலேயே திரும்பி, இடத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டு 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

மாலை நாலு மணிக்குப் பிறகு வன்னிக் காட்டு வீதிகளில் யானை நடமாடும். இருட்டுவதற்கு முன் ஏ9 இல் ஏறிவிட வேண்டும்.

தண்ணீரில் ஆள் விழுந்தால்

குடாநாட்டுக்குள் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து குளத்தைவிடக் கல்லுக்கிடங்குகளில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் வெட்டி விட்ட கிடங்குகள் மாரியில் நிறைந்து, பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். ஆனால் கரையில் சரிவே இராது, முதல் அடியிலேயே ஆழம். அந்தப் பக்கம் விளையாட விடவே வேண்டாம்.

எந்த நீர்க்கரைக்குப் போனாலும் வாகனத்தில் ஒரு சாமான் இருக்கட்டும். மூடி இறுகப் பூட்டக்கூடிய 5 லீற்றர் வெறுங்கலன் ஒன்று, 15 மீற்றர் நைலோன் கயிறு. கலனுக்குள் அரை லீற்றர் தண்ணீர் விட்டு மூடுங்கள். முழு வெறுமையாக இருந்தால் காற்று தள்ளிவிடும், கொஞ்சம் பாரமிருந்தால் நினைத்த இடத்துக்குப் போகும். கயிற்றின் ஒரு நுனியைக் கைப்பிடியில் இரட்டை முடிச்சாகக் கட்டி, மறுநுனியில் கை நுழையும் வளையம் போடுங்கள். ஆள் விழுந்தால் வளையத்தை மணிக்கட்டில் மாட்டி, நீங்கள் கரையில் குந்தியிருந்து, கலனை விழுந்தவரின் தலைக்கு அப்பால் எறிந்து, அவருடைய கைக்கு வரும்படி இழுக்க வேண்டும். நேராக முகத்துக்கு எறியக் கூடாது. வளர்ந்த ஒருவரை மிதக்க வைக்க இந்தக் கலன் தாராளம். நீந்தத் தெரியாதவர் பின்னால் குதித்து இரண்டு பேர் போவதே எங்கள் ஊர்ச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது. வீட்டு வளவில் ஒரு வாளியைக் குறி வைத்து எல்லோரும் பத்துத் தடவை எறிந்து பழகுங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

நீரேரிச் சேற்றில் நடப்பதென்றால் காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நகருங்கள். திருக்கை இருந்தால் விலகிப் போகும், மிதித்தால்தான் குத்தும். குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரை காலை வைத்திருந்தால் நோ குறையும்; முள் உள்ளே இருந்தால் வைத்தியசாலையில்தான் எடுக்க வேண்டும். கண்டல் கரையில் தில்லை மரத்தின் கொப்பை முறிக்க விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து பார்வை மங்கிப்போகும்.

சாப்பாடும் தண்ணீரும்

வளர்ந்தவருக்கு மூன்று லீற்றர், பிள்ளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். மூன்று வளர்ந்தவரும் இரண்டு பிள்ளைகளும் என்றால் 13 லீற்றர். போத்தல்களில் பாதியை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி இரவே உறைய வைத்தால் அவையே ஐஸ் பெட்டியின் வேலையைச் செய்யும். ஒரு ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனிப் பொடி) கட்டாயம். ஒரு லீற்றரில் ஒரு பைக்கற், கூட்டவோ குறைக்கவோ கூடாது. தேசிக்காய்த் தண்ணியில் சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். பிள்ளை நாலு மணித்தியாலம் சிறுநீர் கழிக்கவில்லை, முகம் சிவந்து சோர்ந்து கிடக்கிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் ஒற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

சொதியும் பால்கறியும் வீட்டிலேயே இருக்கட்டும். தேங்காய்ப்பால் எங்கள் வெக்கைக்கு மூன்று மணித்தியாலம் தாங்காது. புளிச்சாதம்தான் பழைய ஆட்களின் கட்டுச்சோறு, அதற்குக் காரணம் இருக்கிறது: புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சோறு பழுதாவதைத் தள்ளிப்போடும். ஒரு கிலோ அரிசிச் சோற்றுக்குத் தேசிக்காய் அளவு இரண்டு உருண்டை புளி, ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெய். சோற்றைச் சுளகிலோ பெரிய தட்டிலோ பரப்பி ஆற விட்டுத்தான் கிளற வேண்டும். சூட்டோடு கட்டினால் பொதிக்குள் வேர்த்து, அந்த ஈரத்திலேயே புளித்துவிடும். வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் கிழியாது, மணமும் சேரும். கூட்டுக்குப் பொரித்த கத்தரிக்காய், மிளகாய்ப் பொரியல், அவித்த முட்டை. முட்டையின் கோதை அங்கே போய்த்தான் உரிக்க வேண்டும். இடையில் கொறிக்கப் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும், கச்சான். சொக்லேற் உருகிக் கையெல்லாம் ஒட்டும், வேண்டாம்.

லஞ்ச் சீற்றைத் தரவையில் விட்டால் மாடு தின்னும். கொண்டுபோன பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள். மற்றவர் விட்ட உடைந்த போத்தல் கிடந்தால் அதையும் எடுங்கள், அடுத்து வரும் பிள்ளையின் கால் அது.

பாம்பும் காய்ச்சலும்

வடலிக்குள்ளும் காய்ந்த ஓலைக் குவியலிலும் புடையனும் சுருட்டையும் படுத்திருக்கும். சுருட்டை சிறிய பாம்பு, மண் நிறம், ஆதலால் வெறுங்காலில்தான் பெரும்பாலும் கடிக்கும். மூடிய சப்பாத்தும் கையில் ஒரு தடியும் போதும். தடியால் முன்னால் நிலத்தைத் தட்டியபடி நடங்கள். கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கைகாலுக்குத் தடி வைத்து அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறியுங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்க வேண்டாம். தூர நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். மணற்காட்டுப் பக்கம் என்றால் மந்திகை வைத்தியசாலை, வன்னி என்றால் கிளிநொச்சி, மற்றபடி யாழ் போதனா வைத்தியசாலை. ஏ9 இல் நிற்கும்போது 1990 க்கு எடுத்தால் பக்கத்துக் கிலோமீற்றர்க் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். அது உங்களைத் தேடும் நேரத்தைக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் குளித்து, உடுப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டு, பிள்ளையின் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்பக்கம், இடுப்புப் பட்டி இருந்த இடம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் பூசாமல், நெருப்பால் சுடாமல், சிறு சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். அடுத்த மூன்று கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். நோ இருக்காது, தேடாவிட்டால் தெரியவும் வராது. அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். இரண்டுக்கும் தொடக்கத்திலேயே கொடுத்தால் கேட்கும் மருந்து உண்டு. வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், எந்த நாள் எந்தக் கரைக்குப் போனீர்கள், தண்ணீரில் இறங்கினீர்களா, காலில் காயம் இருந்ததா என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.